காற்று எந்தப் பக்கம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. எனக்கென்று ஒருவர் டீ வாங்கி வந்து வெகு நாளாகிறது. அதில் போய்க் குறை சொல்வார்களா?

எதிரே உட்கார்ந்திருக்கும் விசாரணை அதிகாரி நல்ல மாதிரி. "நிதானமா சொல்லுங்கம்மா" என்கிறார். நான் எப்போதும் நிதானம்தான். காட்டு நடுவே கண்காணிப்புக் கோபுரத்தில் தனியாக இருப்பவளுக்கு அவசரம் எதற்கு? புகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தப் பக்கம் கேட்பவர் கட்டுப்பாட்டு அறைக்காரர். என்னை மாடி வீட்டம்மா என்பார். "என்ன மாடி வீட்டம்மா, மேல காத்து நல்லா வருதா? இங்க ஃபேன் கோவிச்சுக்கிட்டு நின்னுடுச்சு." நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். பிறகு, "சரிம்மா, கிளம்பணும். பொண்ணு சாப்பிடாம காத்திருப்பா" என்பார். கருவி கரகரத்து அடங்கும். அதற்கப்புறம் கோபுரத்தில் என் மூச்சுதான் கேட்கும்.

சின்னத் தீ என்றால் பேச்சும் சின்னது. "அணைச்சாச்சு" என்பதோடு முடிந்துவிடும். பெரிய தீ அப்படியில்லை. வீட்டுக்கே போகாமல் அறையிலேயே கிடப்பார். சாப்பிட்டீங்களா என்று கேட்பார். பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்பார். என்னிடம் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதனால்தான் இந்த முறை ஓடையோரம் நூல் மாதிரிப் புகை எழும்பியபோது உடனே சொல்லவில்லை. காய் நறுக்கினேன். துணி மடித்தேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. சருகு காய்ந்து கிடந்தது. நான் கூப்பிட்டபோது தீ மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தது.

அது மேற்கே போய்க்கொண்டிருந்ததால், தீயணைப்பு ஆட்கள் மேற்குச் சரிவில் செடிகொடிகளை வெட்டி, தீ தாண்ட முடியாதபடி அகலமாக வெறுந்தரை ஆக்கினார்கள். கெட்டிக்காரர்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் அடக்கிவிடுவார்கள் என்றார் அவர். வீட்டுக்குப் போகப்போகிற சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் காற்று திரும்பியது. கம்பியில் நான் கட்டியிருந்த சிவப்புத் துணி கிழக்கே பறந்தது. கிழக்கே ஊழியர் குடியிருப்பு.

"மாடி வீட்டம்மா, காத்து எந்தப் பக்கம் போகுது? குடியிருப்பைக் காலி பண்ணணுமான்னு கேக்கறாங்க."

துணியைப் பார்த்துக்கொண்டே, "மேற்கேதான்" என்றேன். "மாறவே இல்ல."

இன்னும் ஒரு நாள் பேசலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள்.

அவர் வீடு அங்கே இருந்தது தெரியுமா என்று அதிகாரி கேட்கிறார். தெரியும். வாசலில் மகள் ரோஜாச் செடி வைத்திருப்பதை அவரே சொல்லியிருக்கிறார். மனைவியும் மகளும் வெளியே வர வழியில்லாமல் போய்விட்டது என்கிறார்கள். கேட்டுக்கொண்டேன்.

"அந்த வாக்கிடாக்கியைக் குடுத்துடுங்கம்மா" என்று அதிகாரி கை நீட்டுகிறார். "பேட்டரி செத்துப்போய்க் கிடக்கு. அதை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் தர மாட்டேன் என்று மெதுவாகச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன். கட்டுப்பாட்டு அறைக்காரர் இப்போது துக்கத்தில் இருக்கிறார், அதனால்தான் பேசவில்லை. கிளம்ப வேண்டிய அவசரம் இனி அவருக்கு இல்லை. என்றைக்காவது கூப்பிடுவார். அப்போது சொல்வதற்குத் தயாராக வைத்திருக்கிறேன்: பயப்படாதீங்க, நான் இருக்கேன்.