இரண்டாவது அழைப்பு

அது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச காலமாக நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ரூட்டரைப் பற்றிக் கேட்டால் தடுமாறாமல் சொல்வேன். நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் அதை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டாலே போதும்.

வத்தல்மலை அடிவாரத்தில் ராஜமேரியம்மா வீட்டுக்கு லைன் இழுத்தவன் நான். அங்கே செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஆக்சிலியா, தினமும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக வைஃபை போட்டுக்கொடுத்தாள். அம்மாவுக்கு ஆஸ்துமா. லைன் போய்விட்டால், மேட்டின் மேல் சிலுவை நட்ட குருசடி வரை ஏறிப்போனால்தான் அவரால் யாரையும் கூப்பிட முடியும்.

லைன் போட்ட அன்று எனக்குச் சோறு வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பேசினார். அப்படி ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பிறகு மூன்று வாரம் அழைப்பே இல்லை. நல்லபடியாக ஓடும் லைனுக்கு யார் ஆள் கூப்பிடுவார்கள்? எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். எங்கள் ஆபீஸ் செயலியில் ஒவ்வொரு வீட்டின் பெயருக்கு நேராகவும் லைனை நிறுத்தவும் திறக்கவும் ஒரு பொத்தான் உண்டு. இண்டூர் டீக்கடையில் இருந்தபடியே அதை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு மாதம் மூன்று தடவை போனேன். வயரைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன். திரும்பி நின்று செயலியில் பொத்தானை அழுத்துவேன். சிவப்பு விளக்கு பச்சையாகும்.

"ஏம்ப்பா மாதவா, உனக்கும் இந்தப் பொட்டிக்கும் என்ன சொந்தம்? நீ வூட்டுக்குள்ள வந்தா எரியுது, போனா அணைஞ்சுக்குது."

"வயர்ல ஈரம் எறங்குதுங்கம்மா."

"மேடேறி உன்னைக் கூப்பிட்டே எனக்கு ஆயுசு முடிஞ்சிரும் போலிருக்கு. சரி, கைய கழுவு. களி ஆறுது."

ஆக்சிலியா ஒருநாள் போனில் சொன்னாள்: "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அடுத்த மாசம் வேற கம்பெனிக்கு மாத்திடலாம்னு இருக்கேன்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. மீதமிருந்த நாட்களில் கொஞ்சம் அடிக்கடி அழுத்தினேன், அவ்வளவுதான்.

அன்று மூன்று மணிக்கு அழுத்தினேன். நான்கு மணிக்கு அவர் எண் வந்தது. முதல் அழைப்பை நான் எடுப்பதில்லை. உடனே எடுத்தால் வேலையில்லாதவன் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டாவதைத்தான் எடுப்பேன். தொழிலில் அது ஒரு பழக்கம். போன் அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு டீ சொன்னேன். இரண்டாவது அழைப்பு வரவில்லை.

ஆடு மேய்க்கும் மாரியப்பன்தான் குருசடிப் படியில் மூச்சில்லாமல் கிடந்த அவரைப் பார்த்தான். லைன் இருந்திருந்தால் வீட்டிலிருந்தே மகளிடம் மூச்சுத் திணறலைச் சொல்லியிருக்கலாம். ஆம்புலன்ஸையும் கூப்பிட்டிருக்கலாம். லைன் இல்லாததால் மேடேறினார். அங்கே சிக்னல் கிடைத்ததும் அழைத்த ஒரே எண் என்னுடையது. ஆக்சிலியா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் உங்களைக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள். நெட் போனதைச் சொல்லத்தான் என்றேன். எனக்கென்னவோ அவர் கடைசியாகத் தேடிய ஆள் நான் என்றுதான் படுகிறது.

ராஜமேரியம்மாவைக் கோயில் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இயற்கைச் சாவு என்றே எல்லோரும் நம்புகிறார்கள். ஆக்சிலியா வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூரிலேயே இருந்துவிட்டாள். மாரியப்பன் அந்தப் பக்கம் ஆடு ஓட்டுவதில்லை. நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஒன்றை மட்டும் எங்கே கேட்டாலும் சொல்வேன்: நான் போட்ட அந்த லைனில் ஒரு நாளும் பழுது வந்ததில்லை.