சுவரின் சூடறிந்த ஹெத்வின் பாரிக்கு

கல்லுக்குள் ஓடும் கனலின் கால்தடம் கண்ட வித்தகரே! வெயில் வாய்க்காத வேல்ஸ் நாட்டில் வெப்பத்தையே வேதமாக ஓதியவரே! கும் தேரி நிலக்கரி வெப்ப ஆய்வகத்தின் தலைமகனே, டாக்டர் ஹெத்வின் பாரி அவர்களே! பணி ஓய்வு பெறும் தங்களை வணங்கி வாழ்த்த வந்தோம். வாழ்த்தும் நாக்கு நடுங்குகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

வடக்கே கற்பலகை வெட்டும் ஊரில் பிறந்தீர்கள். குளிர்காலப் படுக்கையைச் சூடாக்கத் தங்கள் அன்னை துணியில் சுற்றிவைத்த சுட்ட கற்பலகையில், வெப்பம் குறுக்கே தயங்குவதும் நெடுக்கே விரைவதும் ஏன் என்று தூக்கத்தைத் தொலைத்தீர்கள். அந்தக் கேள்வியே தங்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. பெரிய நகரங்கள் பெரிய நாற்காலிகளோடு அழைத்தபோதும், எங்கள் கரித்தூசிப் பள்ளத்தாக்கையே தேர்ந்துகொண்டீர்கள்.

காரணம் கீழே கிடக்கிறது. கைவிட்ட சுரங்கத்தில், செங்கல் சுவருக்கு அப்பால், நிலக்கரி இன்றும் கனன்றுகொண்டிருக்கிறது. மேலே எங்கள் தேவாலயம், பள்ளிக்கூடம், பிள்ளைகள் உறங்கும் வீடுகள். அந்தச் சுவர் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடத் தங்களை விட்டால் எங்களுக்கு ஆளில்லை.

தாங்கள் வந்த புதிதில் நடந்ததை இந்த அவையில் சொல்லாமல் எப்படி? சுவரைப் பழுதுபார்க்க ஆட்களோடு இறங்கிய நம் கொத்தனார் பிராசர், கீழிருந்து தொலைபேசியில் கேட்டார்: "டாக்டர், சுவரு டுவிம்மா இருக்கு. வேலைய நிறுத்திடவா?"

"டுவிம்தானே? அதுக்கெல்லாம் யாராவது வேலைய நிறுத்துவாங்களா? முடிச்சிட்டே வாங்க."

டுவிம் என்னும் வேல்ஸ் சொல்லுக்குத் தங்கள் வடக்கில் இதமான வெதுவெதுப்பு என்று பொருள். எங்கள் தெற்கில் கொதிக்கும் சூட்டுக்கும் அதே சொல்தான். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பிராசர் மறுபடி பூச்சுக் கரண்டியை எடுத்தார். மேலே ஆய்வக உதவியாளர் எலுனெட் தங்களுக்குத் தேநீர் நீட்டினார். ஒரே மிடறு, நாக்கு வெந்தது.

"டுவிம்னு சொல்லித்தானே குடுத்தேன்! ஊதிக் குடிக்க வேணாமா?" என்றார் எலுனெட்.

கோப்பை தரையில் உடைந்த ஓசையும் தொலைபேசியில் தங்கள் அலறலும் ஒன்றாகக் கேட்டன. "பிராசர்! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வாங்கய்யா!" அவர்கள் ஓடினார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் சரிந்தது. அந்தச் சத்தம் இன்னும் சிலர் கனவில் கேட்கிறது.

அன்றுமுதல் ஆய்வகத்தில் அந்தச் சொல்லுக்குத் தடை. வெப்பமானி என்ன காட்டினாலும் சரி, புதிதாகக் கட்டிய சுவரைப் பற்றித் தாங்கள் முதலில் கேட்டது ஒன்றுதான்: "கை வைக்க முடியுதா?" தங்களை அஞ்சாதவர் என்று நாங்கள் புகழ மாட்டோம். அஞ்ச வேண்டிய நேரத்தில் அஞ்சத் தெரிந்தவர் தாங்கள். அதனால்தான் பிராசர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

நாளை தங்கள் இருக்கைக்கு வருபவரும் வடக்கத்திக்காரர். தடையை ஒரேயொரு முறை மீறி, நேற்று எலுனெட் அவருக்கு "டுவிம்" என்று சொல்லியே தேநீர் கொடுத்தார். மனிதர் சிரித்துக்கொண்டே குடித்தார்; துள்ளி எழுந்தார்.

"இதையா டுவிம்ங்கறீங்க?"

"ஆமா சார்," என்றார் பிராசர். "இனிமே மறக்க மாட்டீங்க."

அவர் நாக்கு சுட்டதில் எங்கள் நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது. கொஞ்சம்தான். சுவருக்கு அப்பால் இருப்பது ஓய்வு பெறவில்லையே!

எங்கள் அன்புக்குரிய ஐயா! நலமும் நீண்ட ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும். வீட்டுக் கணப்பைத் தவிர வேறெந்தக் கனலும் தங்களைத் தேடி வராதிருக்கட்டும். ஒரே விண்ணப்பம்: வீட்டுத் தொலைபேசி இணைப்பை மட்டும் துண்டித்துவிடாதீர்கள். என்றேனும் அது வேளைகெட்ட வேளையில் அலறினால், நலம் விசாரிக்க வேண்டாம். "கை வைக்க முடியுதா?" என்று கேளுங்கள். ஓட வேண்டும் என்பது எங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் தங்கள் குரலைக் கேட்டால்தான் கால் நகரும்.

அன்பும் அச்சமும் குறையாத,
கும் தேரி ஆய்வகப் பணியாளர்கள்