ஒன்பதாவது குறை

கவுஸ் பாஷா: நாலாவது குறை… காட்பாடியில ரயிலை விட்டு இறங்கினா, வேலூருக்கு ஜட்கா கிடைக்க முக்கா மணி நேரம்.

ஜஹீருன்னிசா: அத்தா, நான் ஜட்கா ஓட்டப் போகல. டாக்டருக்குப் படிக்கப் போறேன்.

கவுஸ் பாஷா: குறுக்கப் பேசாத. அஞ்சாவது… வருஷக்கணக்கா உக்காந்து படிச்சாலும் கடைசியில குடுக்கறது வெறும் எல்.எம்.பி. மெட்ராஸ்ல இன்னும் பெரிய பட்டம் குடுக்கறான்.

ஜஹீருன்னிசா: அப்ப மெட்ராஸுக்கு அனுப்பறீங்களா?

கவுஸ் பாஷா: மெட்ராஸா! வேலூருக்கே ஆம்பூர் முழுக்க வாயைப் பொளக்குது. ஆறாவது, சமையல்கட்டு. எந்தப் பானையைத் தொறந்தாலும் சாம்பாரு.

ஜஹீருன்னிசா: சாம்பார் ஹராம்னு எந்த ஹஜரத் சொன்னாரு?

கவுஸ் பாஷா: ஏழாவது. இந்த வாயி அங்க போனா இன்னும் ஜாஸ்தி ஆகும்.

ஜஹீருன்னிசா: ஐயோ… அது பள்ளிக்கூடத்துக் குறையா, என் குறையா? ஒரு தடவை பாத்துட்டு வாங்கன்னுதானே அனுப்பினேன்! நீங்க தோல் ஷாப்புல ஆட்டுத் தோலைத் தரம் பிரிக்கற மாதிரி, இங்க உண்ணி கடிச்சிருக்கு, அங்க கத்தி பட்டிருக்குன்னு…

கவுஸ் பாஷா: முப்பது வருஷமா அதான் என் வேலை. கண்ணு தானா குறைக்குத்தான் போவுது.

ஜஹீருன்னிசா: மூணு மணிக்குத் தபால் கட்டிடுவாங்க அத்தா! இன்னிக்குப் பதில் போகலைன்னா என் எடம் அரக்கோணத்துப் பொண்ணுக்குப் போயிடும். சேரலாமா, கூடாதா? ஒரே வார்த்தை.

கவுஸ் பாஷா: எட்டாவது…

ஜஹீருன்னிசா: யா அல்லா!

கவுஸ் பாஷா: நாத்தம்.

ஜஹீருன்னிசா: நாத்தமா? தோலு ஊறுற சுண்ணாம்புக் குழிக்குப் பின்னால பொறந்தவகிட்ட வந்து நாத்தம்னு சொல்றீங்களே!

கவுஸ் பாஷா: அது ஆட்டு நாத்தம். இது மனுஷன்… செத்தவனை மேஜையில கிடத்தி, சுத்திப் பொண்ணுங்க நின்னுக்கிட்டு… வேணாம், விடு.

ஜஹீருன்னிசா: பாத்தீங்களா?

கவுஸ் பாஷா: கதவு தொறந்திருந்துச்சு. கொஞ்சமா. ஒன்பதாவதைக் கேளு, அதான் பெரிசு. அங்க பொண்ணுங்க அந்நிய ஆம்பளை கையைப் புடிக்குதுங்க!

ஜஹீருன்னிசா: பொம்பளைங்க பள்ளிக்கூடத்துல ஆம்பளை எங்கேர்ந்து வந்தாரு?

கவுஸ் பாஷா: வந்தான். எவனோ.

ஜஹீருன்னிசா: கையை எதுக்குப் புடிச்சாங்க?

கவுஸ் பாஷா: நாடி பாக்க. ஒருத்தி கையைப் புடிச்சா, ஒருத்தி கழுத்துப் பித்தானைக் கழட்டினா, இன்னொருத்தி மூஞ்சியில தண்ணி அடிச்சா. கணியம்பாடிப் பொண்ணாம், இருவது வயசு இருக்காது… ‘பயப்படாதீங்க பெரியவரே’ன்னு சொல்றா!

ஜஹீருன்னிசா: பெரியவரா? இன்னா வயசு இருக்கும் அவருக்கு?

கவுஸ் பாஷா: …என் வயசு.

ஜஹீருன்னிசா: எங்க விழுந்தாரு?

கவுஸ் பாஷா: அந்தக் கதவுகிட்டதான்… ஏய், விழுந்தான்னு நான் சொல்லவே இல்லியே!

ஜஹீருன்னிசா: அத்தா…

கவுஸ் பாஷா: பேஜார் பண்ணாத.

ஜஹீருன்னிசா: தினம் ஐந்நூறு தோல் புரட்டற மனுஷன்!

கவுஸ் பாஷா: தோலுக்குக் கண்ணு இல்ல ஜஹீரா. மேஜையில கிடந்த ஆளுக்குக் கண்ணு தொறந்தே இருந்துச்சு… சிரிக்கறியா?

ஜஹீருன்னிசா: சிரிக்கல. நானும் ஒண்ணு மறைச்சிட்டேன். போன மாசம் மாமி கூட செலக்ஷனுக்குப் போனேன்ல… அந்த ரூமைக் காட்டினாங்க. நானும் விழுந்தேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மாமிகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.

கவுஸ் பாஷா: தெரியும்.

ஜஹீருன்னிசா: மாமி சொல்லிட்டாங்களா!

கவுஸ் பாஷா: பெரிய டாக்டரம்மா சொன்னாங்க. நான் கண்ணு முழிச்சதும், ‘உங்க பொண்ணும் இதே எடத்துலதான் விழுந்தா. எழுந்து முகத்தைக் கழுவிட்டு, மறுபடி உள்ள போயி கடைசி வரைக்கும் நின்னா. நீங்க வர்றீங்களா?’ன்னாங்க.

ஜஹீருன்னிசா: போனீங்களா?

கவுஸ் பாஷா: போகல. வெளிய பெஞ்சுல உக்காந்து, நீ சேர்றேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்.