ஸ்டீரியோவுக்கு உப்பு

ஈர உப்பின் வாடை எங்கே வந்தாலும், எழுபதுகளில் மரக்காணத்திலிருந்து புறப்பட்ட அந்த பஸ் எனக்குள் குலுங்கத் தொடங்கிவிடும். முன் இருக்கையில் கோட்டக்குப்பத்துப் பெண்ணொருத்தி, மடியில் உப்பு மூட்டையோடு. பக்கத்தில் உப்பளத்து வேலை முடித்து வந்த அம்மாள்.

"இம்மாம் உப்பு எதுக்கும்மா, ஊறுகாய்க்கா?"

"ஸ்டீரியோ செட்டுக்குக்கா."

"ஏன், பாட்டுல ருசி பத்தலியா?"

"அய்யே! கரண்டு வந்தாலே உறுமுதுக்கா. குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த் போட்டா அடங்கும்னாரு கரண்டுக்காரரு."

"உறுமினா உறுமட்டுமே."

"எங்க வீட்டுக்காரரு குவைத்துலேர்ந்து பேசி அனுப்பின கேசட்டுக்கா. நடுவுல கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அழுவுறாரா சிரிக்கிறாரான்னு அந்த உறுமல்ல தெரியல."

அனுமந்தையில் இறங்குமுன் அம்மாள் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

"சிரிச்சிருந்தாருன்னா எங்கிட்ட வந்து சொல்லு. அழுதிருந்தாருன்னா, கெளம்பி வரச் சொல்லி அவருக்கு எழுது."