பதினான்கு தலைகள் திரும்பிய திசை

இந்த அவைக்குத் தலைமையேற்று, எங்கள் சங்கத்தைப் பெற்ற பிள்ளையாய்ப் பேணும் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலில் குறிப்பெடுக்கும் எங்கள் முதலாளியின் ஆட்களே! உங்களுக்கும் வணக்கம், பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய துணிக்கடையில் போர்வை விற்பவள் நான். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை அங்கே நிற்க வேண்டும். சாயக்கூடாது, சரியக்கூடாது, சற்றே குந்தவும் கூடாது. திரைச்சீலைப் பிரிவு அக்காவுக்குக் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாய்ப் புடைத்திருக்கும். ஒருநாள் காலி அட்டைப்பெட்டியின்மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டார். கொலையா செய்தார்? கொள்ளையா அடித்தார்? உட்கார்ந்தார், ஐயா, உட்கார்ந்தார்! பதினெட்டு வருட வேலை அன்றே போனது.

வழக்குப் போட்டோம். தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்றோம். முதலாளி மேல்முறையீடு செய்து வென்றார். விட்டோமா? அதற்கும் மேலே போனோம். ஆறு ஆண்டுகள் ஓடின. அக்கா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். ஆசைதீர உட்காரட்டும் என்று முதலாளி நினைத்தார் போலும்.

கடைசி விசாரணையில் அவருடைய வழக்கறிஞர், கடையில் உட்காரத் தடையே இல்லை என்றும், வாடிக்கையாளர்மேல் கொண்ட பேரன்பினால் பெண்கள் தாமாகவே நிற்கிறார்கள் என்றும் வாதாடினார். அடடா, எங்களுக்கே தெரியாமல் எங்கள் கால்களில் ஊறிய அன்பு!

நீதிபதியம்மா நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சுகள் காலி. கடையிலிருந்து போயிருந்த நாங்கள் பதினான்கு பேரும் சுவரோரம் வரிசையாய் நிற்கிறோம்.

"ஏம்மா நிக்கிறீங்க? உட்காருங்க."

சொன்னவர் யார்? நீதிபதி. நாங்கள் பார்த்தது யாரை? பதினான்கு தலைகளும் ஒருசேரத் திரும்பி, முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரைப் பார்த்தன. அவர் மட்டும் சளைத்தவரா? பழக்கதோஷத்தில், கூடாது என்று தலையை ஆட்டினார்!

சிரியுங்கள் தம்பி, நீதிமன்றமே சிரித்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. மூன்று மணி நேர வாதத்தைச் சுமந்து வந்த எங்கள் வழக்கறிஞர் காகிதக் கட்டை மூடிவைத்து, "எங்க வாதம் முடிஞ்சதுங்கம்மா" என்றார்.

தீர்ப்பு வந்தது: அக்காவுக்கு மீண்டும் வேலை, பிரிவுக்கொரு நாற்காலி. நேற்று அக்கா அதில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்ததும் எழுந்தார். சூப்பர்வைசர் பதறி ஓடிவந்து, உட்காருங்கள் என்று கெஞ்சினார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நிக்கணும்னு தோணுச்சு, நிக்கிறேன்."

இதற்காகத்தான், தோழர்களே, மூன்று நீதிமன்றப் படிகள் ஏறினோம்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. நாளை கடைக்கு வாருங்கள். எழுந்தோ உட்கார்ந்தோ, எங்கள் இஷ்டப்படி வணக்கம் சொல்கிறோம்.