பாலத்தடி ட்ரவுட்

— உக்காரு மெரில். தலை தெரியுது.

— யாருக்கு?

— அதுக்குத்தான். பாலத்தடியில நிக்குது பாரு, கெழட்டு ட்ரவுட் மீன். நிமிந்தோம்னா போச்சு.

— உக்காந்துதான் இருக்கேன் ஹியூபர்ட். முட்டியெல்லாம் செந்தட்டிச் செடி பட்டு அரிக்குது.

— கேளு. தண்ணிக்குள்ளேருந்து மேல பாத்தா அதுக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். கரை, மரம், மனுஷன் எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளதான். தாழ இருந்தோம்னு வெச்சுக்க, ஓரத்துல நசுங்கிப் போயிடுவோம். அது கண்ணுல படமாட்டோம்.

— கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறேன் ராசா. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பாக்கும், வாலுக்கு நேர் பின்னாடி மட்டும் குருடு. அதனாலதான் இந்த ஆத்துல அத்தனை பேரும் அதுக்குப் பின்னாடி நின்னு, கீழேருந்து ஆத்தோட மேல் பக்கமா தூண்டில் வீசறீங்க. சாண்ட்விச் வேணுமா?

— அப்புறம். இன்னியோட மீன்பிடி சீசன் முடியுது. இறகுல செஞ்ச அந்தப் பொய் ஈயைத் தூண்டில்ல கட்டிக் குடு. நூல் கோக்க எனக்குக் கண்ணு தெரியல.

— இந்தா. காலையில நம்ம பொண்ணு போன் பண்ணா.

— ரோவெனாவா? என்னவாம்?

— பாலத்தடி மீனைப் பிடிச்சாச்சான்னு கேட்டா. அதைப் பிடிச்ச கையோட வீட்டைப் பூட்டிட்டு லண்டனுக்கு வந்துடறோம்னு நீதானே வாக்குக் குடுத்த. நமக்குன்னு ஒரு ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கா.

— பக்கத்துல நின்னு நீயும்தான் தலையாட்டின.

— ஆட்டினேன். இப்ப வீசு.

— கேளு, சத்தம் காட்டாத. ம்... விழுந்துச்சு பாரு, நெஜ ஈயாட்டம். வருது மெரில். மேல வருது.

— ஏன் எந்திரிக்கிற?

— கால் மரத்துப் போச்சு.

— மீன் போயிடுச்சு.

— போயிடுச்சா? அடடா.

— போன வாரமும் கால் மரத்துச்சு. அதுக்கு முந்தி தும்மல் வந்து எந்திரிச்ச. எல்லாம் அது வாயைத் தொறக்கிற நேரம் பாத்து.

— தற்செயல்தான்.

— ஹியூபர்ட்.

— ரோவெனா வீடு அஞ்சாவது மாடி மெரில். ஜன்னலைத் தொறந்தா எதிர்வீட்டு ஜன்னல். நான் அங்க எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது? நீ பேத்திங்களோட இருக்க ஆசைப்பட்டியேன்னுதான் வாயைத் தொறக்கல. கோவமா?

— சாண்ட்விச்சைச் சாப்பிடு.

— கோவம்தான்.

— ட்ரவுட்டுக்கு எவ்வளவு கண்ணு தெரியும்னு ஊருக்கே பாடம் எடுக்கிறியே, நூல் நுனியில இருக்கிற ஈயை ஒரு நாளாவது கண்ணாடி போட்டுப் பாத்தியா?

— ஏன், அதுக்கென்ன?

— தடவிப் பாரு, குத்தாது. இந்தப் பாலத்துக்கு வர்றப்ப எல்லாம் தூண்டில் முள்ளை நறுக்கிட்டுத்தான் கட்டித் தரேன்.