அணில் அண்டாத மருந்து

இல்ல தம்பி, நான் சண்டைக்கு வரல. அந்தம்மாவுக்கு உரத்தைக் கட்டிக் குடுத்துட்டே கேளுங்க, எனக்கு அவசரமில்ல. அணில், குருவி எதுவும் தோட்டத்துல அண்டாதுன்னு ஒரு ஸ்ப்ரே குடுத்தீங்களே, அதைப் பத்திதான். தக்காளி ஒண்ணு மிச்சமில்ல. அதுவும் பழுத்த பக்கத்தை மட்டும் தின்னுட்டு, காய்ப்பக்கத்தை எனக்குன்னு விட்டு வச்சிருக்கு.

அடிச்சேங்க. இலைக்கு அடியில, தொட்டி விளிம்புல, சுவர் மேல, நீங்க சொன்ன மாதிரியேதான். முதல் நாள் அந்தப் பூண்டு நாத்தமும் மொளகாக் காரமும் தாங்காம நானே தோட்டத்துப் பக்கம் போகல. அப்புறம் என்னடான்னா, வாடையே இல்ல. மோந்து மோந்து பாக்குறேன், பச்சைத் தண்ணி. உள்ளதைச் சொல்றேன், முதல்ல உங்க மேலதான் சந்தேகம். கூசாம தண்ணியை வித்திருக்கான் பாருன்னு... கோவிச்சுக்காதீங்க, முழுசாக் கேளுங்க.

அடுத்த பாட்டிலை உங்க கடை வாசல்லயே திறந்து பாத்தேன்ல? ஆளைத் தூக்கிருச்சு. சரி, கடையில கோளாறு இல்ல. அப்ப வீட்டுக்கு வந்தப்புறம் யாரோ கைய வைக்கிறாங்க.

எதிர்வீட்டு வாத்தியார்தான்னு முடிவே பண்ணிட்டேன். அவர் மாடியில குருவிக்குத் தானியம் வைக்கிறவர். வாயில்லா ஜீவன் தின்னா தின்னுட்டுப் போகட்டுமேன்னு என்கிட்டயே சொன்னவர். நம்ம பின்கேட்டுக்குத் தாழ்ப்பாள் சரியில்ல, வர்றதுக்கு எவ்வளவு நேரமாகும்? பூட்டு வாங்கிப் போட்டேன். அவர் வணக்கம் சொன்னா முகத்தைத் திருப்பிக்கிட்டேன். பூட்டு போட்டும் மருந்து தண்ணியாகுது தம்பி. வீட்டு வேலைக்கு வர்றவங்களையும் ஒரு பார்வை பாத்தேன். பாவம், அவங்களுக்கு நான் ஏன் முறைக்கிறேன்னே புரியல.

வீட்டுக்காரியையா? அவளை நான் கணக்குலயே சேக்கல.

நேத்து மத்தியானம், தூங்கப் போறேன்னு சொல்லிட்டுப் பின்ரூம் ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அவதான் வந்தா. பாட்டிலை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வர்றா. படியில உக்காந்து அதை முட்டிக்கு நடுவுல வச்சுத் திருகுறா. முடியல. பல்லால கடிச்சுத் திறந்தா தம்பி. அத்தனையையும் சாக்கடையில ஊத்திட்டுக் குழாய்த் தண்ணியைப் பிடிச்சா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. கத்தலாம்னு வாயெடுக்கிறேன், தோட்டத்துல யாரோ பேசுற சத்தம். யாருடா இது, இன்னொரு ஆள் வேற கூட்டான்னு எட்டிப் பாத்தா, அவளைத் தவிர ஒருத்தரும் இல்ல. தொட்டி மேல ஒரு அணில் மட்டும் உக்காந்து தக்காளி தின்னுட்டிருக்கு. பேசுனது அவதான்.

உங்களுக்குத் தெரியாதில்ல. போன வருஷம் அவளுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்திருச்சு. வலது கையும் போச்சு, பேச்சும் போச்சு. பேசப் பேசத்தான் வரும்னு டாக்டர் சொன்னாரு. பேசப் பழக்கிவிட ஒரு பொண்ணு வீட்டுக்கே வந்துச்சு. ஆனா மனுஷங்க முன்னாடி வார்த்தை குழறுனா இவளுக்குக் கூச்சம், கண்ணு கலங்கிரும். அந்தப் பொண்ணையும் கையைக் காட்டி அனுப்பிட்டா. அதுக்கப்புறம் என்கிட்டயும் எல்லாம் சைகைதான்.

அவதான் நேத்து அந்த அணில்கிட்ட, ஒவ்வொரு எழுத்தா இழுத்து இழுத்துச் சொல்றா. மெ...துவா தின்னு. கி...ழவன் தூங்குறான்.

கிழவன்னா நான்தான். அந்தக் குரல் எப்படி இருக்கும்ங்கறதே மறந்து போயிருந்துச்சு.

வெளியில போகல. போனா வாயை மூடிருவாளே. அவ எந்திரிச்சு உள்ள வர்ற சத்தம் கேட்டதும், ஓடிப் போய்க் கட்டில்ல படுத்துக் குறட்டை விட்டேன். சாயங்காலம் வழக்கம்போல அந்தத் தண்ணியை எடுத்துச் செடிக்கெல்லாம் அடிச்சேன், அணிலையும் திட்டினேன். வாத்தியார்கிட்டதான் எப்படிப் போய் நிக்கிறதுன்னு தெரியல.

அதனால இன்னொரு பாட்டில் குடுங்க. தண்ணியெல்லாம் வேணாம், கண்டுபிடிச்சிருவா. அதே மருந்துதான், அதே நாத்தத்தோட. மூடியை மட்டும் லேசாத் தளர்த்திக் குடுங்க தம்பி. ஒத்தைக் கையால திறக்கணும்.